இடப்பக்கத்துச் சட்டி

மொசைக் தரை போடுகிறவன் தான் போட்டதை அன்றைக்கே பார்க்க முடியாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவனுக்கு மாலைக்குள் வெள்ளைச் சுவர் தெரிந்துவிடும். கதவு செய்தவனுக்குத் திறந்து மூடிப் பார்க்க ஒரு கதவு இருக்கும். மொசைக்காரனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவன் பதித்த கல்சில்லுகளின்மேல் வெள்ளைச் சிமெண்டுப் பால் படர்ந்து, தரை முழுவதும் ஆறிப்போன கஞ்சியைப் போலக் கிடக்கும். அதன்மேல் தண்ணீர் கட்டி, நன்றாக இறுகவிட்டு, பிறகு மெஷினை வைத்துத் தேய்க்கும்போதுதான் உள்ளே இருப்பது பூவா புழுவா என்பது வெளிப்படும். ஊருக்குத் தெரிகிற அதே நேரத்தில்தான் அவனுக்கும் தெரியும்.

இந்தத் தொழிலில் ஒரு மேஸ்திரிக்குப் ‘பூக்காரர்’ என்று பெயர். வங்கி முகப்பு, மருத்துவமனை நடைகூடம், பெரிய வீடுகளின் கூடம் என்று எங்கெல்லாம் தரையின் நடுவே பூ வேண்டுமோ அங்கெல்லாம் அவரைத்தான் அழைப்பார்கள். மற்ற மேஸ்திரிகள் கலவையிலிருந்து ஒரு சில்லை எடுத்து, கட்டைவிரலால் துடைத்து, நிறம் பார்த்த பிறகே அள்ளுவார்கள். பூக்காரர் துடைக்க மாட்டார். சட்டிக்குள் கைவிடுவார், ஒரு பிடி அள்ளுவார், கண்ணாடிப் பட்டைகளால் வரைந்த குழிக்குள் வைத்து அமுக்குவார். “அந்தாளு கையிலயே கண்ணு இருக்கு” என்று தொழிலில் உள்ளவர்கள் பேசிக்கொள்வார்கள். மனைவி பக்கத்தில் உட்காராவிட்டால் அவர் கரணையைத் தொடுவதில்லை என்பதையும் சேர்த்தே பேசிக்கொள்வார்கள், சிரிப்போடு.

அந்த மனைவி இப்போது படுக்கையில் இருந்தாள். சில்லு சலிக்கும் வேலை கல்யாணமான நாள் முதல் அவளுடையது. சல்லடையிலிருந்து பறந்த கல்தூள் மூச்சோடு உள்ளே போய், நெஞ்சில் படிந்து இறுகிவிட்டதென்று மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொன்ன குரலில் இரக்கம் இருந்தது.

மகள் ஆயத்த ஆடைத் தையல்கூடம் ஒன்றில் காலர் தைக்கிறவள். கணவனையும் பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு, விடுப்புச் சொல்லி அம்மாவிடம் வந்திருந்தாள். நகர நூலகத்தின் புதிய வாசிப்புக்கூடத்துக்குத் தரை போடும் வேலையை அப்பா முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். சுற்றுத் தரையெல்லாம் முடிந்து, நடுவிலுள்ள பூ மட்டும் மிச்சமிருந்தது. அம்மாவின் இடத்தில் அன்றைக்கு மகள் போவதாக ஏற்பாடு.

அம்மா மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு நிற்பதுபோல் வருவதால் உட்கார்ந்தபடியே உறங்கப் பழகியிருந்தாள்.

“நான் வராம இதுவரைக்கும் அவரு பூ போட்டதில்லடி.”

“அதான் நான் போறேனேம்மா.”

“நீ போறது தெரியுது. போய் என்ன பண்ணுவ?”

“கலக்கணும், குடுக்கணும். காலர் தைக்கறவளுக்கு இது வராதா?”

“காலர்ல தப்பு வந்தா பிரிச்சுத் தைக்கலாம்.” அம்மா சற்று நிறுத்தி, மூச்சை எங்கிருந்தோ இழுத்து வாங்கிக்கொண்டாள். “கறுப்பு, வெள்ளை ரெண்டையும் எங்க வேணா வச்சுக்க. சிவப்புச் சட்டி மட்டும் இடப்பக்கம். பச்சை வலப்பக்கம். வேலை முடியற வரைக்கும் மாத்தாத.”

“எதுக்கும்மா இந்தக் கணக்கு?”

அம்மா வாசலைப் பார்த்தாள். வாசலில் அப்பா மட்டப்பலகையை மிதிவண்டியில் கட்டிக்கொண்டிருந்தார்.

“பழக்கம்,” என்றாள்.

வாசிப்புக்கூடத்தில் புத்தக அலமாரிகள் இன்னும் வரவில்லை. பூசிய சுவரின் ஈர வாசனையும், உயரத்துச் சன்னல்களிலிருந்து சாய்ந்து விழுந்த வெயிலுமாக அந்தக் கூடம் வெறுமையாக இருந்தது. நடுவில் அப்பா முந்தைய நாளே கண்ணாடிப் பட்டைகளை நட்டு வைத்திருந்தார். அகன்ற இதழ்களுடன் ஒரு பூ. அதைச் சுற்றி வளைந்தோடும் இலைக்கொடி. பூ சிவப்பு, இலை பச்சை என்பது நூலகத்தார் கேட்டுக்கொண்டது.

மகள் வெளித் தாழ்வாரத்தில் வெள்ளைச் சிமெண்டில் சில்லுகளைத் தனித்தனியே கலந்தாள். ஈரம் பட்டதும் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலவே வெளுத்துப்போயின. எது எந்தச் சட்டியில் என்பதைக் கொட்டியவள் மட்டுமே அறிவாள். அறியாதவர் துடைத்துப் பார்த்தால்தான் உண்டு. சட்டிகளைக் கொண்டுவந்து, அப்பாவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். தையல்கூடத்தில் மேசையின் இருபுறமும் எதிரெதிரே உட்கார்ந்து பழகியவள் அவள். முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பது அவள் எண்ணம். சிவப்புச் சட்டியைத் தன் இடப்பக்கத்திலும் பச்சைச் சட்டியைத் தன் வலப்பக்கத்திலும் வைத்தாள். அம்மா சொன்னதைப் பிசகாமல் செய்த நிறைவு அவளுக்கு இருந்தது.

அப்பா ஒருமுறை அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல உதடு பிரிந்தது, பிறகு குனிந்துகொண்டார்.

வேலை தொடங்கியபின் அவர் பேசவில்லை. அள்ளினார், அமுக்கினார், கரணையின் முனையால் ஓரம் சீவினார். மகள் அடுத்த கலவைக்கு எழுந்து போவதும் வருவதுமாக இருந்தாள். ஒருமுறை திரும்பி வருகையில், இதழுக்குரிய குழியை நிரப்ப அவர் கை பச்சைச் சட்டிக்குள் போவதைக் கண்டாள். பச்சைப் பூவா என்று ஒரு கணம் நினைத்தாள். கேட்க வாயெடுத்தாள். நூலகத்தார் மாற்றிச் சொல்லியிருப்பார்கள். பூக்காரருக்குப் பூவைச் சொல்லித்தர நான் யார் என்று அடங்கிவிட்டாள்.

மதியம் தாழ்வாரத்தில் சோறும் கீரைக் குழம்பும் பிரித்தார்கள். அம்மா படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல அவள் வைத்த குழம்பு.

“உப்பு எங்கம்மா?” என்றார் அப்பா.

“போட்டேனேப்பா.”

“பக்கத்து வீட்டுக் குழம்புல போட்டுட்டியா?”

அவள் சிரித்தாள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டார். அப்போது நூலகர் அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டபடி வந்து, வேலை எவ்வளவில் இருக்கிறது என்று விசாரித்தார். மகளுக்கு நெடுநாளாக ஓர் ஐயம் இருந்தது.

“மேடம், மொசைக்குன்னா என்ன அர்த்தம்? பொறந்ததுலேருந்து வீட்ல இதே பேச்சுதான். ஆனா எந்த ஊரு வார்த்தைன்னே தெரியாது.”

நூலகர் அம்மா பழைய கட்டடத்துக்குள் போய், தூக்க முடியாத ஓர் அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்து, படியில் உட்கார்ந்து புரட்டினார்.

“ரொம்பப் பழைய வார்த்தைங்க. கிரேக்கத்துல கலைகளுக்கெல்லாம் தெய்வமா ஒன்பது பொண்ணுங்க இருந்ததா நம்பினாங்க. அவங்களுக்கு உரிய வேலைன்னு அர்த்தம் வருது. அவங்களுக்குன்னு குகை மாதிரி இடம் கட்டி, உள்ள கூழாங்கல்லு, சிப்பி எல்லாம் பதிச்சாங்களாம். அதுலேருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. பைபிள்ல வர்ற மோசே சம்பந்தப்பட்டதுன்னு சொல்ற இங்கிலீஷ் வார்த்தைக்கும் இதே எழுத்துதான். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“ஒன்பது பேரா?” என்றாள் மகள். “எங்க வீட்ல ரெண்டே பேர்தான் பண்றாங்க.”

“இன்னொண்ணும் போட்டிருக்கு. இலையில பச்சையும் மஞ்சளுமா திட்டுத்திட்டா ஒரு நோய் வருமே, தேமல் நோய், அதுக்கும் இங்கிலீஷ்ல இதே பேருதான்.”

அப்பா கைகழுவிக்கொண்டே சொன்னார்: “அது எங்க வீட்டு அவரைக் கொடிக்கு வந்துச்சு. அவதான் பாத்துச் சொன்னா. எனக்கு இலை நல்லாத்தான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு அவர் சட்டென்று எழுந்து உள்ளே போனார்.

சாயங்காலம் அம்மாவின் கட்டிலருகே மாமாவும் இருந்தார். அம்மாவின் தம்பி, தேய்க்கும் மெஷின் அவருடையது. அத்தான் போட்டதைத் தேய்த்து வெளிக்கொண்டு வருவது அவர் பிழைப்பு. மகள் ஒன்பது பெண்களின் கதையைச் சொன்னாள்.

“நான் என்னமோ மோசம்ங்கறதுலேருந்துதான் வந்திருக்கும்னு நெனச்சேன்,” என்றார் மாமா. “முட்டி போச்சு, முதுகு போச்சு. பேரு பொருத்தமாத்தான இருக்கு.”

அம்மா கண்ணை மூடியபடியே கேட்டாள்: “அந்த ஒன்பது பேருல சில்லு சலிச்சவ எவ?”

“அதெல்லாம் அகராதியில இல்லம்மா.”

“இருக்காது. சலிச்சிருந்தா தெய்வமா ஆகற வரைக்கும் இருந்திருக்க மாட்டா.” சிரிக்கத் தொடங்கியது இருமலாக மாறியது. மாமா முதுகைத் தடவிக் கொடுத்தார். இருமல் அடங்கியதும் அவள், “அவரு பேசினாரா இன்னிக்கு?” என்று மகளைக் கேட்டாள்.

“குழம்புல உப்பு இல்லன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல.”

தண்ணீர் கட்டிய தரை இறுகி, தேய்க்கும் நாள் வந்தது. அம்மாவைப் பக்கத்து வீட்டம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு மகளும் போனாள். மெஷினுக்கு முன்னால் தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் வேண்டும். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மாமா தொடங்கினார். தேய்ப்புக் கல் சுழலும் ஓசையில் சன்னல் கண்ணாடிகள் நடுங்கின. வெண்சேறு நுரைத்து ஓடியது. அதை அப்பா ரப்பர்க் கட்டையால் வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். ஓரத்துக் கறுப்புக் கரை வந்தது. வெள்ளை நிலம் வந்தது. நூலகர் அம்மாவும் வந்து வாசலில் நின்றார். மெஷின் நடுப்பகுதியைச் சுற்றிச் சுற்றி வந்தது. மகள் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினாள். சேறு விலகியது.

மாமா மெஷினை நிறுத்தினார்.

ஓசை நின்ற கூடத்தில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. தரையின் நடுவே ஒரு பச்சைப் பூ பூத்திருந்தது. அதைச் சுற்றி இரத்தச் சிவப்பில் இலைகள் ஓடின.

மாமா பூவைப் பார்த்தார். மகள் பூவைப் பார்த்தாள். நூலகர் அம்மாவும் பார்த்தார். அப்பா மட்டும் பூவைப் பார்க்கவில்லை. மாமாவின் முகத்தைப் பார்த்தார். அங்கிருந்து மகளின் முகத்துக்கு வந்தார். அதன்பின் வாசலில் நின்றவரின் முகத்துக்குப் போனார். என்ன நேர்ந்தது என்று முகங்களில் தேடுகிற ஒருவரை மகள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டாள்.

“என்ன அத்தான் இது?” என்றார் மாமா, மெதுவாக. “பூவு பச்சையா வந்திருக்கு. இலை செவப்பா இருக்கு. ஒரு சில்லைத் துடைச்சுப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே.”

“தெரியுது,” என்றார் அப்பா.

“பரவால்லைங்க,” என்றார் நூலகர் அம்மா. “குழந்தைங்க வர்ற இடம்தானே. பச்சைப் பூன்னா இன்னும் சிரிச்சுக்கிட்டுப் பாக்கும்.”

“சிரிக்கட்டும்மா. சந்தோஷம்.” அவர் ரப்பர்க் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தார். “ஒடைச்சுட்டு வேற போட்டுத் தர்றேன்.”

“அத்தான், அவங்களே பரவால்லங்கறாங்க—”

“நான் பரவால்லன்னு சொல்லலையே.”

திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார், ஏறவில்லை. மகளும் கூட நடந்தாள். வீட்டு முனை வந்ததும், “அம்மாகிட்ட நல்லா வந்திருக்குன்னு சொல்லிடு,” என்றார்.

அவள் அப்படியே சொன்னாள். கஞ்சியைக் கரண்டியால் ஆற்றிக்கொண்டே, நல்லா வந்திருக்கும்மா என்றாள். அம்மா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வற்றி, கண்கள் மட்டும் பெரிதாகிவிட்டிருந்தன.

“பூ நல்ல செவப்பா வந்துச்சா?”

“ம்.”

“இலை?”

மகள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ எந்தப் பக்கம் உட்கார்ந்த?” என்று அம்மா கேட்டாள்.

“எதிர்லம்மா.”

அம்மா தலையணையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சுவருக்கு அப்பால் குளியலறையில் அப்பா தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“என் தப்புடி,” என்றாள் பிறகு. “பக்கத்துல உட்காருன்னு சொல்லாம விட்டுட்டேன். எதிர்ல உட்கார்ந்தா உன் இடப்பக்கம் அவருக்கு வலப்பக்கம். வேற மாதிரி உட்காரலாம்னே எனக்குத் தோணல பாரு.”

“அப்பாவுக்கு நிறம் தெரியாதாம்மா?”

“கறுப்பு, வெள்ளை, மஞ்சள், நீலம் எல்லாம் தெரியும். இந்த ரெண்டும்தான் ஒண்ணா இருக்கு அவருக்கு. கல்யாணம் ஆன புதுசுல ஒரு வீட்ல இதே மாதிரி ஆச்சு. என் மாமனார் அவரை எல்லாரு முன்னாடியும் பேசின பேச்சு இருக்கே... மறுநாள்லேருந்து நான் போய்ப் பக்கத்துல உட்கார்ந்தேன். இடப்பக்கம்.”

“நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டதா?”

“ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“இத்தனை வருஷத்துலயா?”

“எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும். பேசிட்டா நான் அவருக்கு ஒத்தாசை ஆயிடுவேன். பேசாத வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருக்கற பொண்டாட்டிதானே?” மூச்சு போதாமல் நிறுத்தினாள். “ஊர்ல கேலி பண்ணுவாங்க, பொண்டாட்டிய விட்டு இருக்க மாட்டான்னு. பண்ணிட்டுப் போகட்டும்னு இருந்தோம். எனக்குக்கூட அது பிடிச்சுத்தான் இருந்துச்சு.”

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கஞ்சியக் குடு,” என்றாள் அம்மா. “அழறதுன்னா அப்பா வர்றதுக்கு முன்னாடி அழுது முடி. அவரு கேட்டா என்ன சொல்லுவ?”

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லா வந்திருக்குன்னு நீ நம்பிட்டன்னு சொல்றேன்,” என்றாள்.

“ஆங். அதச் சொல்லு.”

பூவை உடைக்கும் வேலையை அப்பா வேறெவரிடமும் விடவில்லை. உளியும் சுத்தியலுமாகத் தாமே உட்கார்ந்து, அக்கம்பக்கத்து நிலம் சிதையாமல், இதழ் இதழாகக் கொத்தி எடுத்தார். பச்சையும் சிவப்புமாக உதிர்ந்தவற்றை மகள் கூடையில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டினாள். மறுபடியும் கண்ணாடிப் பட்டைகளை நட்டார். மறுபடியும் பூ போடும் நாளில் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. அம்மா முந்தைய இரவெல்லாம் கண் மூடவில்லை. ஆனாலும், போய்ட்டு வாங்க, ஈரத்துல கலவை நல்லா நிக்கும் என்று இருவரையும் அவளே அனுப்பினாள். மாமா கட்டிலருகே உட்கார்ந்துகொண்டார்.

இந்த முறை மகள் சட்டிகளோடு அப்பாவின் இடப்பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய தோள் மட்டும் சற்றே தளர்ந்து இறங்கியது. கை இடப்பக்கத்துச் சட்டிக்குள் போயிற்று. முதல் இதழ் நிறைந்தது. மழை சன்னலில் வழிந்தது. கூடம் முழுவதும் கரணை உரசும் ஓசையைத் தவிர வேறொன்றுமில்லை. அம்மா இந்த இடத்தில், இந்த மௌனத்துக்குள், இப்படித்தானே ஓர் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தாள் என்று மகள் எண்ணிக்கொண்டாள். கால் மரத்துப் போயிற்று, அசையவில்லை.

இலைகளெல்லாம் முடிந்து, இதழ்களில் சில மட்டும் மிச்சமிருந்தபோது மாமா வந்தார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். செருப்போடு உள்ளே வந்தவர், ஈரத் தரையைப் பார்த்ததும் நின்று, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு மீண்டும் வந்தார். அந்தச் செய்கையிலேயே மகளுக்கு விளங்கிவிட்டது.

“அத்தான்,” என்றார்.

மகள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் மரத்த கால் மடங்க, சட்டிகள் இரண்டும் சரிந்து உருண்டன. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயில் முந்தானையை அடைத்து அழுதாள். மாமா அவளிடம் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

“கடைசி வரைக்கும் நெனவு இருந்துச்சும்மா. தண்ணி கேட்டா. குடுத்தேன். குடிச்சா. அவ்ளோதான்.” பிறகு அப்பாவை நோக்கி, “எழுந்திரிங்க அத்தான், போலாம்,” என்றார்.

அப்பா எழவில்லை. நிரம்பாத குழிகளைப் பார்த்தபடி குந்தியிருந்தார்.

“கலவை இறுகிடும்,” என்றார்.

“இறுகட்டும். இப்பப் போயி—”

“இத்தோட நிறுத்தினா ஒட்டு தெரியும்டா. எப்பவும் தெரியும்.” அவர் குரல் ஏறவில்லை. “அவளுக்குக் கோபம் வரும்.”

மாமா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா கையை நீட்டினார். சரிந்த சட்டிகள் ஒன்றன்பக்கம் ஒன்றாக வாய்திறந்து கிடந்தன. கை இரண்டுக்கும் நடுவே நின்றது. பிறகு ஒன்றிலிருந்து ஒரு பிடி அள்ளி, குழிக்குக் கொண்டுபோகாமல், மகளின் பக்கம் நீட்டினார். சிமெண்டுப் பால் விரலிடுக்கில் வழிந்து மணிக்கட்டில் இறங்கியது.

“இது என்னம்மா?”

மாமா தலையை நிமிர்த்தினார். அத்தானையும் நீட்டிய கையையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் பார்வையைச் சன்னலுக்குத் திருப்பிக்கொண்டார்.

மகள் முந்தானையை வாயிலிருந்து எடுத்து, அருகே வந்து, ஒரு சில்லைக் கட்டைவிரலால் துடைத்துப் பார்த்தாள்.

“செவப்புப்பா.”

அவர் அதைக் குழிக்குள் வைத்து, உள்ளங்கையின் அடிப்புறத்தால் அமுக்கினார். மறுபடியும் கையை விட்டு அள்ளினார்.

“இது?”

“அதுவும் செவப்புதாம்பா.”

மிச்சமிருந்த இதழ்கள் நிறைகிற வரைக்கும், ஒவ்வொரு பிடியையும் அவர் கேட்டுக் கேட்டுத்தான் போட்டார்.